கோவிந்தா கத்தி

அத்தியாயம் 9

பட்டறைக்கு இன்னும் நூறடி இருக்கும்போதே பஜ்ஜி எண்ணெயின் நாற்றம் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டது. புது எண்ணெய் இல்லை. நாலு டீக்கடைச் சட்டியில் மாதக்கணக்கில் காய்ந்து, கறுத்து, கடைக்காரனே வேண்டாமென்று தள்ளிய எண்ணெய். செல்வகுமாரி துப்பட்டாவை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"மாலிக், இங்க கத்தி செய்யறாங்களா, போண்டா போடறாங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க்கா. நம்மூரு போண்டாவக் கடிச்சவனுக்கும் பல்லுல ரத்தம்தான வருது" என்றான் அவளுடைய உதவியாளன்.

மாலிக்குக்கு முப்பத்திரண்டு வயது. வாயை மூடினால் மூச்சு முட்டிவிடும் என்று நம்புகிற ஜாதி. செல்வகுமாரி சிரிக்கவில்லை.

சோரியாங்குப்பத்து எல்லையில், கரும்புக் கொல்லையை ஒட்டி நின்றது அந்தத் தகரக் கொட்டகை. முதலாளி கலைவேந்தன், இன்ஜினீயரிங் படித்துவிட்டு, காய் நறுக்கும் சின்னக் கத்திகளைச் செய்து ஆன்லைனில் விற்பவன். அவனிடம் மூன்று பெண்கள் வேலை செய்தார்கள். கத்தி தீட்டத் தேவி, பிடி போட ரூபினா, பார்சல் கட்ட சுகன்யா. நேற்று வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு, தேவி கரும்புக் கொல்லை வரப்பில் வயிற்றில் குத்துப்பட்டுச் செத்துக் கிடந்தாள்.

முந்தின நாள் சாயங்காலம் தேவி ரூபினாவைப் பார்த்துக் கத்தியது ஊருக்கே கேட்டிருந்தது. ரூபினா பிடி போட்டு முடித்து வைத்திருந்த கத்தி ஒன்றைக் காணோம். போலீசுக்கு இது போதும். ரூபினாவை ஜீப்பில் ஏற்றிவிட்டு, கத்தியைத் தேடி வாய்க்காலில் ஆள் இறக்கினார்கள். இன்று மூன்று மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்திவிட்டால், அந்தப் பெண் நேராக ஜெயிலுக்குப் போய்விடுவாள்.

அவளுடைய அம்மா ரோஷன் பீவி காலை ஆறு மணிக்கே வில்லியனூருக்கு வந்து, செல்வகுமாரியின் துப்பறியும் ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "எம்பொண்ணு கோழி அறுக்கறதப் பாத்தாக்கூட கண்ண மூடிக்குவா, மேடம்" என்று மட்டும் சொன்னாள். இப்போது மணி பதினொன்றரை.

கொட்டகை வாசலில் ஒருவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

"தேவியோட புருஷன், அருள்முருகன். எலக்ட்ரீஷியன்" என்றான் மாலிக் தணிந்த குரலில். "பாவம்கா."

"தேவி பாடி எங்க இருக்கு?"

"ஆஸ்பத்திரியில. போஸ்ட்மார்ட்டம் இன்னும் முடியல."

"பொண்டாட்டி அங்க கெடக்கறா. இவன் இங்க ஏன் அழுவறான்?"

செல்வகுமாரி நடந்துகொண்டே ஓரக்கண்ணால் அருள்முருகனைப் பார்த்தாள். அவன் வாய்தான் அழுதது. கண் அழவில்லை. அது கொட்டகையின் உள்ளே ஒரு மூலையில் இருந்த ஒற்றைக் கதவுக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. 'பெண்கள் உடை மாற்றும் அறை' என்று அதில் எழுதியிருந்தது.

"நான் முதலாளிகிட்டப் பேசறேன். நீ அந்த ரூமப் பாரு. சுவரு, கூரை, சுவிட்ச் போர்டு, ஒண்ணு விடாம."

"பொம்பளைங்க ரூமுக்கா? எங்கம்மா பாத்தா காலை ஒடிப்பாங்க."

"நான் சொன்னேன்னு சொல்லு. என் காலும் சேந்து ஒடியட்டும்."

கலைவேந்தன் மேஜையருகே நின்றிருந்தான். மேஜைமேல் ஒரு தட்டில் எட்டுக் கத்திகள். பிடி இல்லை, பளபளப்பு இல்லை, எண்ணெய்ப் பிசுக்கோடு அட்டைக்கரியாகக் கிடந்தன. பக்கத்தில் மின்சூளை, ஒரு சின்ன பீரோ அளவுக்கு இருந்தது.

"இதையெல்லாம் போலீஸ் பாத்தாங்களா?"

"இன்ஸ்பெக்டர் ஒண்ண எடுத்துத் தடவிப் பாத்தாரு மேடம். 'இது வாழப்பழத்தக்கூட வெட்டாது, ஒரு பான சோத்துக்கு ஒரு சோறு பதம்'னு சொல்லித் தட்டுலயே போட்டுட்டாரு. அவர் சொன்னதும் சரிதான். தோய்ச்சலுக்கு முன்னாடி வாயத் தீட்ட மாட்டோம். ஒரு ரூவாக் காசு கனத்துக்கு விட்டுடுவோம்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. இந்த சூளை இன்னா பண்ணும்?"

தொழிலைப் பற்றிக் கேட்டதும் அவன் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறியது. உள்ளே நீளப் பள்ளமாகக் காடி வெட்டிய செங்கல் ஒன்று இருக்கிறது, எட்டுக் காடி. ஒன்றையொன்று தொடாமல் காடிக்கு ஒரு கத்தியாக நிறுத்தி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சூடேற்றவேண்டும். எண்ணூறு டிகிரிக்கு ஏற இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பத்து நிமிஷம் அதே சூட்டில் விட்டு, ஒவ்வொன்றாக இடுக்கியில் எடுத்து, டீக்கடையில் வாங்கிய பழைய எண்ணெயில் தோய்த்தால் இரும்பு இறுகிவிடும். அப்புறம்தான் வாயைத் தீட்டுவது, பிடி போடுவது எல்லாம். நேற்று பதினொன்றரைக்குச் சூளையைப் போட்டுவிட்டு அவன் பாகூருக்குக் கூரியர் கொடுக்கப் போனான். இரண்டு மணிக்குத் திரும்பி வந்து தோய்த்தான். அதற்குள் கொலை நடந்திருந்தது அவனுக்குத் தெரியாது.

செல்வகுமாரி கேட்டுக்கொண்டே தட்டிலிருந்த கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்து, கட்டைவிரலால் வாயைத் தடவினாள். மொக்கை. மொக்கை. மொக்கை. சோறு பதம் பார்ப்பது சோற்றுக்குச் சரி. எல்லா அரிசியும் ஒரே மூட்டை. கத்தியும் அப்படித்தான் என்று அந்த இன்ஸ்பெக்டருக்கு யார் சொன்னார்கள்?

எட்டாவது கத்தியில் விரல் நின்றது.

இதன் வாய் மெல்லிசு. பொரித்த அப்பளத்தின் ஓரம் மாதிரி மேலும் கீழுமாக நெளிந்திருந்தது. பிடி மாட்டுகிற வால் பக்கத்து ஓட்டையில் ஒரு பித்தளை ஆணி கறுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஏதோ பசை வெந்து மொட்டு மொட்டாகக் கட்டியிருந்தது.

"எத்தன கத்தி வெச்சீங்க?"

"ஏழு."

"எத்தன எடுத்தீங்க?"

கலைவேந்தன் தரையைப் பார்த்தான். "எட்டு."

"இன்ஜினீயரிங்ல எண்ணச் சொல்லித் தரலியா?"

"கோவிந்தா கத்தின்னு நெனச்சிட்டன் மேடம்."

"இன்னா கத்தி?"

அவன் கூச்சத்தோடு சொன்னான். சூளை எப்படியும் எரியப் போகிறது, கரண்ட் எப்படியும் ஓடப் போகிறது. காடி காலியாக இருந்தால், வேலை செய்கிற பெண்கள் தங்கள் வீட்டுக்கென்று வெட்டி வைத்த கத்தி ஒன்றை அதில் சொருகிவிடுவார்கள். கூட்டத்தோடு கோவிந்தா. அவனும் கண்டுகொள்வதில்லை. பட்டறையில் அதற்குப் பெயரே கோவிந்தா கத்தி ஆகிவிட்டது.

"இத போலீசுல சொன்னீங்களா?"

"அவங்க கேக்கல."

"கேக்கல!"

"சூளைய சீல் வெச்சிட்டாங்கன்னா தீபாவளி ஆர்டரு..." என்று இழுத்தான்.

செல்வகுமாரிக்குச் சீ என்று வந்தது. ஒருத்தி செத்துப் பிணவறையில் கிடக்கிறாள், இன்னொருத்தி லாக்கப்பில் கிடக்கிறாள், இவனுக்குத் தீபாவளி ஆர்டர். இவன் கொலைகாரனாக இருந்தால்கூட இத்தனை எரிச்சல் வந்திருக்காது.

"இது கோவிந்தா கத்தி இல்ல. தீட்டி முடிச்சி, பிடியும் போட்டு முடிச்ச கத்தி. குத்திட்டு, ரத்தத்தோட அப்படியே சூளையில சொருகியிருக்காங்க. மரப்பிடி எரிஞ்சி சாம்பலாயிடுச்சி, ரத்தமும் போயிடுச்சி. போலீஸ் வாய்க்கால்ல தேடறது உங்க தட்டுல கெடக்குது."

கலைவேந்தன் குனிந்து ஆணியைப் பார்த்தான். முகம் வெளுத்தது. "மேடம், இது... இது ரூபினா அடிச்ச ஆணி. ஆணித் தலைய நெல்லு மாதிரி நீட்டித் தட்டறது அவ மட்டும்தான். காணாம போன கத்தி இதுதான்."

அறைக் கதவருகே காதைத் தீட்டிக்கொண்டிருந்த மாலிக் தலையில் கை வைத்தான். "போச்சுடா! அந்தப் பொண்ணக் காப்பாத்த வந்து, நாமளே கயிறு திரிச்சிக் குடுத்துட்டமேக்கா."

அவன் சொன்னதில் தப்பில்லை. இந்தக் கத்தியை இப்படியே கொண்டுபோய்க் கொடுத்தால் இன்ஸ்பெக்டர் கைகுலுக்கி அனுப்புவார். ரூபினாவின் கத்தி, ரூபினாவின் ஆணி, ரூபினாவுக்குப் பழக்கமான சூளை. செல்வகுமாரி நெளிந்த வாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"கலைவேந்தன், தீட்டின கத்திய சூளையில வெச்சா வாய் இப்படி ஆயிடும்னு ரூபினாவுக்குத் தெரியுமா?"

"இங்க எல்லாருக்கும் தெரியும். சுகன்யாவுக்குக்கூடத் தெரியும்."

"அப்போ தெரிஞ்சவ, மறைக்கணும்னு நெனச்சா, காட்டிக்குடுக்கற மாதிரியா வெப்பா? சரி, நீங்க எடுக்கறப்போ இது எந்தக் காடியில, எப்படி நின்னுது?"

அவன் நெற்றியைச் சுருக்கினான். "கடைசிக் காடி. தலகீழா நின்னுது. இடுக்கி வழுக்கிச்சி, அதனால ஞாபகம் இருக்குது. நாங்க எப்பவும் முதுகு கீழ, வாய் மேல இருக்கற மாதிரிதான் நிறுத்துவோம். சூட்டுல இரும்பு இளகும்போது மெல்லிசான பக்கம் கீழ இருந்தா, சொந்த கனத்துலயே மடங்கிடும்."

"எப்பவுமா?"

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூட அப்படித்தான் வெப்போம்."

செல்வகுமாரி நெளிந்த கத்தியைத் தன் கைப்பையில் போட்டாள். மற்ற ஏழும் தட்டில் இருந்தன. வாசலுக்குப் போய், அழுதுகொண்டிருந்தவனைக் கூப்பிட்டாள். குரலில் தேன் தடவிக்கொண்டாள். அது அவளுக்கு வேப்பெண்ணெய் குடிப்பது மாதிரி இருந்தது.

"அருள்முருகன், மனசு சரியில்லாத நேரத்துல தொந்தரவு பண்றேன். இந்த சூளைக்கு ஒயரிங் பண்ணது நீங்கதான?"

"ஆமா மேடம்." மூக்கை உறிஞ்சினான். "இந்தக் கொட்டா பூரா நம்ம கைதான். இந்த சூள எப்ப ஏறும், எப்ப எறங்கும், எனக்குத் தெரியாம ஒரு டிகிரி நவுராது."

"கோவிந்தா கத்தியெல்லாம் போடுவாங்களாமே?"

"தினம் நடக்கறதுதான்."

"நேத்து சூளை எப்படி இருந்துச்சின்னு ஒரு போட்டோ வேணும். கலைவேந்தனுக்குக் கை நடுங்குது. இந்த ஏழையும் காடியில நிறுத்திக் குடுங்க."

அவன் முதலாளியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். மறுக்கக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. சூளைக் கதவைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சொருகினான். முதல் கத்தி, வாய் கீழே. இரண்டாவது, வாய் கீழே. வீட்டில் கத்தி ஸ்டாண்டில் சொருகுகிற மாதிரி மளமளவென்று எல்லாவற்றையும் கவிழ்த்துக்கொண்டே போனான்.

டேப் ரோலோடு அந்தப் பக்கம் வந்த சுகன்யா நின்றாள். ஒன்றும் தெரியாதவள், நல்ல மனசோடுதான் கேட்டாள்.

"அண்ணா, இன்னாத்துக்கு எல்லாத்தையும் தலகீழா வெக்கிறீங்க? வாய் மேல பாக்கணும்ணா."

ஏழாவது கத்தியில் அருள்முருகனின் கை நின்றுவிட்டது. கலைவேந்தன் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"சூளைய நூறு தடவ ரிப்பேர் பண்ணியிருக்கீங்க" என்றாள் செல்வகுமாரி. "ஒரு தடவகூடக் கத்தி அடுக்கினதில்ல. நேத்துதான் மொதல் தடவ."

அவன் மெதுவாகத் திரும்பினான். அழுகை எங்கே போனதென்றே தெரியவில்லை.

"தலகீழா வெச்சா கொலகாரனா? கோர்ட்டுல போய்ச் சொல்லிப் பாருங்க, சிரிப்பாங்க. நான் எதுக்கு எம்பொண்டாட்டியக் கொல்லணும்?"

நியாயமான கேள்விதான். அந்தக் கேள்வி மட்டும் பதில் இல்லாமல் நின்றால், ஏழு கத்தி என்ன, எழுபது கத்தியைக் கவிழ்த்தாலும் ரூபினா மூன்று மணிக்கு ஜெயிலுக்குப் போவாள்.

"அக்கா." உடை மாற்றும் அறைக்குள்ளிருந்து மாலிக்கின் குரல் வந்தது. "கொஞ்சம் வாங்க."

ஐந்து வருஷத்தில் மாலிக் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. கிண்டல் இல்லை, கேலி இல்லை, குரலில் உயிரே இல்லை.

அறை சின்னது. மூன்று ஆணி, ஆணியில் மூன்று துணிப்பை. தேவியின் பையிலிருந்து சாப்பாட்டு டப்பா இன்னும் எட்டிப் பார்த்தது. எதிர்ச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பிளக் பாயின்ட். மாலிக் அதன் மூடியைக் கழற்றியிருந்தான். ஓட்டைகளில் ஒன்றுக்குப் பின்னால் கடுகளவு கண்ணாடி ஒன்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் தகரச் சுவரைத் துளைத்துக்கொண்டு, நேராகச் சூளையின் கரண்ட் பெட்டிக்குப் போனது.

"பிளக்கு இருக்குது, ஆனா டெஸ்டர் எரியல. அதான் கழட்டினேன்" என்றான் மாலிக். "உள்ள மெமரி கார்டு இருக்குது. நான் பாக்கலக்கா. அல்லா சத்தியமா பாக்கல."

வெளியே திமுதிமுவென்று சத்தம் கேட்டது. அருள்முருகன் ஓடப் பார்த்திருக்கிறான். கலைவேந்தன், அதுவரை எதையும் உருப்படியாகச் செய்யாதவன், எண்ணெய்த் தொட்டியை அவன் காலடியில் கவிழ்த்திருந்தான். வழுக்கி விழுந்தவனை மாலிக் போய் அமுக்கினான். உடம்பெல்லாம் பஜ்ஜி எண்ணெய் வழிய, அருள்முருகன் நிமிர்ந்து சொன்னதுதான் செல்வகுமாரியால் கடைசிவரை மறக்க முடியாமல் போனது.

"யாரையாவது தொட்டனா மேடம்? ஒருத்தி மேல விரல் பட்டிருக்குமா? பாத்தன், அவ்ளோதான். பாத்தா இன்னா தேஞ்சா பூடுவாளுங்க?"

அவனே தொடர்ந்தான்.

"அவ எம்போன நோண்டி அதெல்லாம் பாத்துட்டா. நேத்து மத்தியானம், ரூபினா சாப்ட்டுட்டு வரட்டும், எல்லாத்தையும் சொல்லிடறேன்னு கத்துனா. கட்டுன புருஷன ஊர்ல நாறடிக்கறன்னா. எவனுக்குத்தான் கோவம் வராது?"

அவன் உண்மையிலேயே பதிலை எதிர்பார்த்தான். அதுதான் சகிக்கவில்லை. அந்த எண்ணெய் நாற்றம் இப்போது இவனுக்குப் பக்கத்தில் சந்தனமாக இருந்தது. செல்வகுமாரி அறைக்குள் போய், மெமரி கார்டைக் கழற்றி ஒரு கவரில் போட்டாள்.

சுகன்யா பார்சல் பெட்டிமேல் உட்கார்ந்து தேம்பினாள். "'நாளைலேர்ந்து அந்த ரூமுல கால வெக்காதடி'ன்னுதான் தேவி அக்கா வியாழக்கெழம கத்துச்சி. எதுக்குன்னு கேட்டா சொல்லல. புருஷன் பேர எப்படிச் சொல்லும்? நான்தான் போலீசுகிட்ட சண்டன்னு சொன்னன். நான்தான் மேடம்."

ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு இருபது. ரூபினா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ராத்திரி முழுக்கத் தூங்காத கண். செல்வகுமாரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். ரூபினா அழவில்லை. முக்காட்டை மட்டும் இரண்டு கையாலும் இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் நெளிந்த கத்தியைப் பார்த்தார். கலைவேந்தனின் வாக்குமூலத்தைக் கேட்டார். எண்ணெயோடு நின்றவனை லாக்கப்பில் தள்ளச் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. அப்புறம் மெமரி கார்டு இருந்த கவருக்காகக் கையை நீட்டினார்.

"உள்ள இன்னா இருக்குன்னு பாத்து உறுதி பண்ணாதான் இந்தப் பொண்ண விட முடியும்."

"தாராளமா. பொம்பள எஸ்.ஐ. வரட்டும்."

"அவங்க பந்தோபஸ்துக்குப் போயிருக்காங்க. வர ஆறு மணி ஆவும். மூணு மணிக்குக் கோர்ட்டு. உங்க இஷ்டம் மேடம். காத்திருந்தா, இவ இன்னிக்கு ஜெயில்ல இருப்பா."

பேசிக்கொண்டே கவரை அவள் கையிலிருந்து வாங்கி ரைட்டரிடம் கொடுத்துவிட்டார். ரைட்டர் கார்டைக் கம்ப்யூட்டரில் சொருகினார். அதுவரை எங்கே இருந்தார்களோ, ஒரு கான்ஸ்டபிளின் சிவப்புத் தொப்பி வந்து நின்றது. இன்னொன்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டது. டீ கொண்டுவந்தவர்கூட டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். யாரோ ஃபேன் வேகத்தைக் கூட்டினார்கள். ஐந்து தலைகள் ஒரு திரையைச் சுற்றிக் குனிந்தன. ஒருவர் முகத்திலும் கடமை இல்லை.

செல்வகுமாரி ஒயரைப் பிடுங்க எழுந்தாள். அதற்குள் ரூபினா அவளைத் தாண்டிப் போய்விட்டாள்.

அவள் நேராக மேஜைக்கும் அந்தத் தலைகளுக்கும் நடுவில் புகுந்து, திரைக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். மூடியிருந்த முக்காட்டைத் தளர்த்தி முகத்தைக் காட்டினாள். குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் உடையவில்லை.

"இன்னா சார் பாக்கணும்? அதுல இருக்கறது நான்தான். இதோ நிக்கறன். இங்கயே பாருங்க."

இன்ஸ்பெக்டர் மேஜையைப் பார்த்தார். ரைட்டர் கார்டைப் பிடுங்கி, கவரில் போட்டு, சீல் வைக்க அரக்கைத் தேடினார். நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்தன.

அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். ஒருவரும் தலையைத் தூக்கவில்லை.